முகவரியும் வகுப்பறையும்: அமெரிக்கப் புறநகர் உயர்நிலைப் பள்ளிகளின் சேர்க்கை எல்லைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓர் அரசுப் பள்ளியில் எந்தப் பிள்ளை சேரலாம் என்பதைப் பெற்றோரின் விருப்பமோ பிள்ளையின் மதிப்பெண்ணோ பெரும்பாலும் முடிவு செய்வதில்லை. குடும்பம் குடியிருக்கும் வீட்டின் முகவரியே முடிவு செய்கிறது. பள்ளியில் சேர்க்கச் செல்லும் பெற்றோர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு வாடகை ஒப்பந்தத்தையோ வீட்டுக் கடன் பத்திரத்தையோ மின்கட்டண ரசீதையோ காட்டித் தாங்கள் அந்த வட்டாரத்தில் வசிப்பதை மெய்ப்பிக்க வேண்டும். ஒரு பள்ளிக்குரிய வீடுகளை மற்றொரு பள்ளிக்குரிய வீடுகளிலிருந்து பிரிக்கும் கோட்டைச் சேர்க்கை எல்லை என்றும், அக்கோட்டுக்குள் அடங்கும் பரப்பைச் சேர்க்கை வட்டாரம் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடக்கும் பள்ளியே அங்கு உயர்நிலைப் பள்ளி எனப்படும். புறநகரில் அமைந்த அத்தகைய பள்ளிகளின் சேர்க்கை எல்லை மாறும்போதெல்லாம் ஊர் இரண்டுபடுவது ஏன், அந்த மாற்றத்தால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

முதலில் இருவகைக் கோடுகளை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். வெளிக்கோடு பள்ளி மாவட்டத்தின் எல்லை. பள்ளி மாவட்டம் என்பது தமிழ்நாட்டின் கல்வி மாவட்டத்தைப் போல மாநில அரசின் நிர்வாகப் பிரிவு மட்டுமன்று. பெரும்பாலான மாநிலங்களில் அது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தைக் கொண்ட, பல இடங்களில் சொத்து வரி விதிக்கும் உரிமையும் பெற்ற, தனித்த உள்ளாட்சி அமைப்பாகும். உள்கோடு அம்மாவட்டத்துக்குள் பள்ளிக்குப் பள்ளி பிரிக்கும் சேர்க்கை எல்லை. வெளிக்கோட்டை மாற்ற மாநிலச் சட்டமோ மாநில அதிகாரிகளின் ஒப்புதலோ பொதுவாக வேண்டும். உள்கோட்டை வாரியம் ஒரு மாலைக் கூட்டத்தில் வாக்கெடுத்து மாற்றிவிடலாம். 1939-40 கல்வியாண்டில் ஓர் இலட்சத்துப் பதினேழாயிரம் பள்ளி மாவட்டங்கள் இருந்த நாட்டில், ஓராசிரியர் பள்ளிகள் மூடப்பட்டுச் சிற்றூர்கள் ஒன்றிணைக்கப்பட்டதன் விளைவாக, இன்று ஏறத்தாழப் பதின்மூவாயிரம் மாவட்டங்களே எஞ்சியுள்ளன. வெளிக்கோடும் ஒரு காலத்தில் இளகியதாகவே இருந்தது என்பதற்கு இதுவே சான்று. பெருநகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் எழுந்த காலத்தில்தான் அது இறுகியது.

அருகிலுள்ள பள்ளிக்கே பிள்ளைகள் செல்வதுதான் இயல்பான பழைய வழக்கம் என்றும், அதைக் கலைப்பதே பிற்கால அரசியல் என்றும் எல்லை மாற்றத்தை எதிர்ப்போர் வழக்கமாக வாதிடுவர். வரலாறு அவ்வளவு எளிதாக இதற்கு உடன்படுவதில்லை. 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய பிரவுன் வழக்கு கேன்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் எழுந்தது. அந்நகரில் வெள்ளையர் பிள்ளைகளுக்கென வட்டாரந்தோறும் பதினெட்டுத் தொடக்கப் பள்ளிகளும், நகரம் முழுவதிலுமுள்ள கறுப்பினப் பிள்ளைகளுக்கென நான்கே பள்ளிகளும் நடத்தப்பட்டன. வழக்கின் பெயரோடு இணைந்துவிட்ட லிண்டா பிரவுன் என்ற சிறுமி, நடந்துபோகும் தொலைவில் சம்னர் பள்ளி இருக்க, அதைவிடத் தொலைவிலிருந்த மன்றோ பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பப்பட்டார். அண்மைப் பள்ளி என்னும் உரிமை அன்று ஒரு சாராருக்கு மட்டுமே இருந்தது. மறுசாராருக்குத் தொலைவு ஒரு பொருட்டாகவே கொள்ளப்படவில்லை. பிற்காலத்தில் நீதிமன்ற ஆணைப்படி பேருந்துகள் ஓடத் தொடங்கியபோதுதான் பேருந்துப் பயணம் பிள்ளைகளுக்குக் கேடு என்ற கவலை திடீரெனப் பிறந்தது.

தென்மாநிலங்களில் பிரிவினை சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருந்ததால் அதைச் சுட்டிக்காட்டுவது எளிதாயிற்று. வடக்கிலும் மேற்கிலும் அதே வேலையைச் சேர்க்கை எல்லை ஓசையின்றிச் செய்தது. இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது டென்வர் நகரம் பற்றிய 1973-ஆம் ஆண்டின் கீஸ் வழக்கு. பார்க் ஹில் என்னும் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் கிழக்கு நோக்கிக் குடியேறிக்கொண்டிருந்த காலத்தில், அக்குடியிருப்பின் நடுவே வேண்டுமென்றே சிறிய அளவில் பாரெட் தொடக்கப் பள்ளியைக் கட்டி, அதன் வட்டாரம் கறுப்பினக் குடும்பங்களோடு நின்றுவிடுமாறு கோடு வரைந்து, நெரிசல் மிகுந்த பள்ளிகளில் தற்காலிக வகுப்பறைகளை நிறுத்தியதன் வழியாக வாரியம் பிரிவினையைப் பேணியது என நீதிமன்றங்கள் கண்டன. பிரிவினைச் சட்டம் ஒன்றும் இல்லாத ஊரிலும் எல்லைக் கோட்டின் வளைவு அரசின் செயலே என்ற கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பு, வட கரோலினாவின் சார்லட் நகரையும் அதைச் சுற்றிய மெக்லன்பர்க் கவுன்ட்டி என்னும் நிர்வாகப் பகுதியையும் பற்றிய ஸ்வான் வழக்கில், ஒன்றையொன்று தொடாத இரு பகுதிகளைக்கூட ஒரே பள்ளியின் வட்டாரமாக இணைக்கலாம் என்றும், பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் செல்ல ஆணையிடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது. சார்லட்டில் நகரமும் புறநகரும் ஒரே பள்ளி மாவட்டத்துக்குள் இருந்ததால் அத்தீர்ப்பு அங்கே செயல்பட முடிந்தது.

டெட்ராய்ட்டில் நிலைமை வேறு. 1974 ஜூலை மாதம் வழங்கப்பட்ட மில்லிகன் எதிர் பிராட்லி தீர்ப்பே இந்தப் பொருளின் அச்சாணி. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் வெள்ளையர் பிள்ளைகளின் விகிதம் வேகமாகக் குறைந்துவந்த நிலையில், நகரத்துக்குள் மட்டும் கோடுகளை மாற்றுவதால் பயனில்லை எனக் கருதிய மாவட்ட நீதிபதி ஸ்டீபன் ராத், சுற்றியிருந்த 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்து ஒரு பெருநகரத் திட்டம் வகுக்க ஆணையிட்டார். உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை நீக்கியது. புறநகர் மாவட்டங்கள் தாமே பிரிவினை செய்ததாகவோ, ஒரு மாவட்டத்தின் செயல் மற்றொன்றில் பிரிவினையை விளைவித்ததாகவோ மெய்ப்பிக்கப்படாதவரை வெளிக்கோட்டைத் தாண்டித் தீர்வு காண முடியாது என்பது அதன் சாரம். பிரவுன் வழக்கில் வழக்கறிஞராக வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் இப்போது நீதிபதியாக அமர்ந்து கடுமையான மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகர் பற்றிய ரோட்ரிகஸ் வழக்கிலும் அதே ஐந்துக்கு நான்கு கணக்கில், மாவட்டந்தோறும் சொத்து வரி வேறுபடுவதால் பள்ளிச் செலவு வேறுபடுவது அரசியலமைப்புக்கு முரணன்று என அந்நீதிமன்றம் கூறியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளைவு தெளிவு: வெளிக்கோட்டுக்கு அப்பால் பணமும் போக வேண்டியதில்லை, பிள்ளையும் போக வேண்டியதில்லை. வெளிக்கோடு கல்லாக இறுகியதால், நகரும் தன்மையுள்ள உள்கோட்டின் மீதே அதன்பின் எல்லாச் சச்சரவும் வந்து விழுந்தது.

உள்கோட்டால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அட்லாண்டா நகரையொட்டிய டிகேப் கவுன்ட்டி ஒரு பெரிய சோதனைக் களம். 1969-இல் நீதிமன்ற ஆணைப்படி அம்மாவட்டம் கறுப்பினத்தவருக்கெனத் தனியே வைத்திருந்த பள்ளிகளை மூடி, எல்லாப் பிள்ளைகளையும் அண்மைப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது. அப்போது மாணவரில் கறுப்பினத்தவர் 5.6 விழுக்காடு மட்டுமே. 1986-இல் 47 விழுக்காடு. 1975-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் சுமார் 64,000 கறுப்பினத்தவர் அக்கவுன்ட்டியின் தென்பகுதியில் குடியேற, ஏறத்தாழ 37,000 வெள்ளையர் அப்பகுதியை விட்டு வெளியேறினர். தெற்கே ஓர் இனமும் வடக்கே மற்றோர் இனமுமாகக் கவுன்ட்டி பிளவுபட்டது. 1992-இல் ஃப்ரீமேன் எதிர் பிட்ஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மக்களின் தனிப்பட்ட இடப்பெயர்ச்சியால் நேர்ந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் பொறுப்பு வாரியத்துக்கு இல்லை எனத் தீர்ப்பளித்தது. இடப்பெயர்ச்சியைத் தனிப்பட்ட விருப்பம் என்று மட்டும் சொல்லி முடிப்பது அரைகுறை விளக்கமே. கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் உத்தரவாதம் பல பத்தாண்டுகள் வெள்ளையர் குடியிருப்புகளுக்கே சாய்வாக வழங்கப்பட்டதும், வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968-இல்தான் வந்ததும், யார் எங்கே குடியேற முடிந்தது என்பதை முன்கூட்டியே பெருமளவு வரையறுத்துவிட்டன.

பின்னர் 2007-இல் சியாட்டில், லூயிவில் நகரங்களைப் பற்றிய வழக்கில், தனித்தனி மாணவரின் இனத்தைப் பார்த்துப் பள்ளி ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. ஆனால் பெரும்பான்மைக்கு ஐந்தாவது வாக்கை அளித்த நீதிபதி ஆன்தனி கென்னடி தனியே எழுதிய கருத்துரையில், புதிய பள்ளிக்கு இடம் தேர்வதிலும் சேர்க்கை எல்லை வரைவதிலும் குடியிருப்புகளின் மக்கள்தொகை அமைப்பைப் பொதுவாகக் கருத்தில் கொள்ளலாம் என இடம்விட்டார். பிள்ளையின் இனத்தைப் பார்க்கலாகாது. தெருவின் அமைப்பைப் பார்க்கலாம். பல மாவட்டங்கள் அதற்கு முன்பே இனத்துக்குப் பதிலாக வருமானத்தை அளவுகோலாக்கத் தொடங்கியிருந்தன. ராலே நகரையும் அதன் புறநகர்களையும் 1976-இல் இணைத்து உருவான வேக் கவுன்ட்டி மாவட்டம், 2000-ஆம் ஆண்டில், எந்தப் பள்ளியிலும் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகள் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இலக்கை வகுத்துக்கொண்டது. மக்கள்தொகை விரைந்து பெருகிய அம்மாவட்டத்தில் புதிய பள்ளிகளை நிரப்பவும் எல்லைகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்ததால், ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் பள்ளி மாறும் நிலை வந்தது. சினம் பெருகி, 2009 தேர்தலில் அண்மைப் பள்ளிக் கொள்கையை முன்வைத்தோர் வாரியத்தைக் கைப்பற்றினர். மறு ஆண்டே அந்த இலக்கு கைவிடப்பட்டது. அங்கே தோற்றது கலப்புக் கொள்கையா, ஓயாத இடமாற்றமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. இடமாற்றமே முதன்மைக் காரணம் என்று கொள்வதற்கு வலுவான நியாயம் உண்டு. ஏனெனில் வளர்ச்சியின் பொருட்டுச் செய்த மாற்றங்களின் மீதெழுந்த கோபமும் கலப்பின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

தொடக்கப் பள்ளியைவிட உயர்நிலைப் பள்ளியின் எல்லை ஏன் கூடுதல் கொந்தளிப்பை உண்டாக்குகிறது என்ற கேள்விக்கு விடை அப்பள்ளியின் அளவிலேயே இருக்கிறது. சில நூறு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒரே மாதிரியான வீடுகள் கொண்ட ஓரிரு குடியிருப்புகளோடு நின்றுவிடலாம். ஆயிரத்தைந்நூறு முதல் மூவாயிரம் வரை பிள்ளைகளைச் சேர்க்கும் உயர்நிலைப் பள்ளியோ அடுக்குமாடி வாடகை வீடுகளையும் ஏக்கர்க் கணக்கில் புல்வெளி சூழ்ந்த வீடுகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தாக வேண்டும். கல்லூரி விண்ணப்பத்துக்கு முந்தைய கடைசிப் படி அது என்பதும், கால்பந்தும் இசைக்குழுவும் அதன் பெயரிலேயே நடப்பதும், ஊரின் அடையாளம் அதில் தொங்குவதும் சேர்ந்துகொள்கின்றன. இந்தத் தன்மையை டாலஸ் நகருக்கு வடக்கே அடுத்தடுத்து அமைந்த மூன்று புறநகர்கள் மூன்று விதமாகக் கையாண்டுள்ளன. பிளேனோ, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகளை மட்டும் கொண்ட மிகப் பெரிய மேல்நிலைப் பள்ளிகளைக் கட்டிச் சிறிய பள்ளிகளின் மாணவரை அவற்றில் சேர்க்கிறது. ஆலன் நகரம் ஒரே உயர்நிலைப் பள்ளியோடு நின்றுகொண்டதால் அங்கே உயர்நிலை மட்டத்தில் உள்கோடே இல்லை. பள்ளி பல்லாயிரம் மாணவரைக் கொண்டதாகப் பெருத்தது, 2012-இல் சுமார் ஆறு கோடி டாலர் செலவில் பதினெட்டாயிரம் இருக்கைகள் கொண்ட கால்பந்து அரங்கமும் எழுந்தது. எல்லைத் தகராறைத் தவிர்க்க இது ஒரு வழிதான், விலை சற்றே அதிகம். ஃபிரிஸ்கோ நகரம் இதற்கு நேர்மாறாக, சுமார் இரண்டாயிரம் பேருக்கு மேற்படாத பள்ளிகளே வேண்டும் என்று முடிவுசெய்து, 2003-இல் தன் இரண்டாவது உயர்நிலைப் பள்ளியையும் 2022-இல் பன்னிரண்டாவதையும் திறந்தது. சிறிய பள்ளி கேட்ட பெற்றோருக்கு, பள்ளி திறக்குந்தோறும் மாறும் எல்லையும் உடன்கிடைத்தது.

எல்லை மாற்றம் நடைமுறையில் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அருகிருந்து பார்க்க, வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மேரிலாந்து மாநிலத்தில் அமைந்த ஹோவர்டு கவுன்ட்டி ஏற்ற இடம். அங்கே கட்டட முதலீட்டாளர் ஜேம்ஸ் ரவுஸ் சுமார் 14,000 ஏக்கர் நிலத்தை ஓசைப்படாமல் வாங்கிச் சேர்த்து, 1967-இல் கொலம்பியா என்ற திட்டமிட்ட நகரைத் தோற்றுவித்தார். இனம், வருமானம் எதுவாயினும் எல்லோரும் அண்டை வீட்டாராக வாழ வேண்டும் என்பது அவர் அறிவித்த நோக்கம். நகரின் முதல் குடியிருப்புப் பகுதியான வைல்ட் லேக்கில் 1971-இல் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி, வகுப்புகளுக்கிடையே சுவரில்லாத திறந்த கூடங்களோடு கட்டப்பட்டது. அந்தக் கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டுப் புதிய கட்டடம் 1996-இல் எழுந்தது. அதே ஆண்டில்தான் மேற்கே கிளார்க்ஸ்வில் பகுதியில் ரிவர் ஹில் உயர்நிலைப் பள்ளியும் திறக்கப்பட்டது. சில மைல் இடைவெளியில் இருக்கும் இவ்விரு பள்ளிகளும் ஒரே மாவட்டத்தின் ஒரே பாடத்திட்டத்தைப் பின்பற்றுபவை. எனினும் முதலாவதில் சலுகை உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் பெருந்தொகையினர். இரண்டாவதில் மிகச் சிலரே.

இம்மாவட்டம் முழுப் பரப்பையும் நூற்றுக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டு வைத்திருக்கிறது. பாலிகன் எனப்படும் அக்கட்டம் ஒவ்வொன்றும் சில தெருக்களைக் கொண்டது. எல்லை மாற்றம் என்பது ஒரு பாலிகனை ஒரு பள்ளியின் கணக்கிலிருந்து எடுத்து மற்றொன்றின் கணக்கில் சேர்ப்பதே. ஆகவே மாற்றக் காலத்தில் பெற்றோர் தங்கள் தெருப் பெயரை விட்டுவிட்டுப் பாலிகன் எண்ணைச் சொல்லியே வாரியத்தின் முன் வாதாடுவர். பள்ளியின் கொள்ளளவில் 90 முதல் 110 விழுக்காடு வரை மாணவர் இருப்பதே அங்கு இலக்கு. அதற்கு மேற்பட்டால் மைதானத்தில் தற்காலிக வகுப்பறைகள் வரிசைகட்டும். உணவுக்கூடத்தில் முதல் பந்தி காலை பத்தரை மணி வாக்கிலேயே தொடங்கும். அதற்குக் குறைந்தால் மாணவர் போதாமையால் மேம்பட்ட பாடப்பிரிவுகள் சில நடத்தப்படாமல் போகும். கொள்ளளவோடு, ஒரு குடியிருப்பின் பிள்ளைகள் சிதறாமல் சேர்ந்து மேல்பள்ளிக்குப் போவது, வருமானக் கலப்பு ஆகியவற்றையும் மாவட்ட விதி கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இவை ஒன்றுக்கொன்று முரண்படும்போது எது மேலோங்கும் என்பதை விதி உறுதியாகச் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் அரசியல் நுழைகிறது.

2019 ஆகஸ்டில் மாவட்டக் கண்காணிப்பாளர் மைக்கேல் மார்டிரானோ சுமார் 7,400 மாணவரை இடம் மாற்றும் திட்டத்தை வெளியிட்டார். நெரிசலைக் குறைப்பதோடு வறுமை ஒரு சில பள்ளிகளில் குவிவதையும் தளர்த்துவது அதன் நோக்கம். ரிவர் ஹில் மாணவரில் ஒரு பகுதியினரை வைல்ட் லேக்குக்கு அனுப்புவது அதன் மிகச் சூடான கூறு. நூற்றுக்கணக்கானோர் இரவு இரவாக வாரியத்தின் முன் சாட்சியம் அளித்தனர். பதாகை ஏந்திய பேரணிகள் நடந்தன. ஒற்றுமைக்குப் பெயர்போன நகரில் அண்டை வீட்டார் முகம் திருப்பிக்கொண்டனர். எதிர்த்தோரில் வெள்ளையரோடு சீன, கொரிய, இந்தியக் குடும்பங்களும் கணிசமாக இருந்ததால், 1970-களின் கறுப்பு வெள்ளைச் சட்டகத்தில் இந்தச் சண்டையை அடைக்க முடியவில்லை. நவம்பர் 21 அன்று வாரியம் சுமார் 5,400 பேரை மாற்றும் திட்டத்தை நிறைவேற்றியது. 2023-இல் ஜெசப் பகுதியில் கில்ஃபோர்டு பார்க் என்ற பதின்மூன்றாவது உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டபோது கோடுகள் மீண்டும் நகர்ந்தன.

எதிர்ப்பின் அடியில் இருப்பது வீட்டு விலை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அதில் உண்மையும் உண்டு. பொருளியல் அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் புறநகர்களில் சேர்க்கை எல்லைக் கோட்டின் இருபுறமும் அடுத்தடுத்து நிற்கும் வீடுகளை ஒப்பிட்டு, தேர்வு மதிப்பெண் ஐந்து விழுக்காடு கூடுதலாக உள்ள தொடக்கப் பள்ளிக்குரிய வீட்டுக்குப் பெற்றோர் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு கூடுதல் விலை தரத் தயாராக இருப்பதைக் கணக்கிட்டார். தெரு அதே, காற்று அதே, வரி அதே. கோடு மட்டும் வேறு. இன்று வீடு விற்கும் இணையதளங்கள் படுக்கையறை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் அச்சிடுகின்றன. அம்மதிப்பெண் பெருமளவு மாணவரின் குடும்ப வருமானத்தையே எதிரொலிப்பது என்பதால், கற்பித்தலின் தரத்துக்குத் தருவதாக நினைத்துப் பெற்றோர் தரும் விலை உண்மையில் சகமாணவரின் வருமானத்துக்குத் தரும் விலையாகிவிடுகிறது. 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு தொழில்நுட்ப வேலைகளுக்குச் சென்ற ஆசியக் குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையானது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளியை நாடி அவை வீடு வாங்கியதும், 2000-ஆம் ஆண்டை ஒட்டி வைபல் தொடக்கப் பள்ளி வட்டாரத்தை அதிலிருந்து பிரித்து இர்விங்டன் உயர்நிலைப் பள்ளியோடு சேர்க்க வாரியம் முற்பட்டபோது தனி மாவட்டமாகவே பிரிந்துபோக முயன்றதும், வில்லோ லங்-அமாம் 2017-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. தமிழ்க் குடும்பங்களும் இக்கூட்டத்தில் அடக்கம். நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வீடு தேடும் தமிழர் முதலில் கேட்பது பள்ளியின் ரேட்டிங்கைத்தான். உறவும் பரம்பரைச் சொத்தும் கடல்கடந்து நிற்க, பிள்ளையின் படிப்பு ஒன்றையே மூலதனமாக நம்பிய குடும்பம், அதற்காக முப்பதாண்டுக் கடனில் வாங்கிய வீடு ஒரே வாக்கெடுப்பில் வேறு பள்ளிக்குரியதாவதை ஏமாற்றப்பட்டதாக உணர்வதில் வியப்பில்லை. எனினும் சட்டம் அந்த உணர்வுக்குப் பட்டா வழங்கவில்லை: வீடு வாங்கியவர் வாங்கியது வீட்டை மட்டுமே, பள்ளி ஒதுக்கீடு வாரியத்தின் பொது முடிவு. அதே வட்டாரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவரின் பிள்ளைக்கும் அதில் சம உரிமை உண்டு.

கோட்டின் வடிவத்தைக் கொண்டே நோக்கத்தைக் கண்டறிய முடியுமா என்பதில் ஆய்வாளர் உடன்படவில்லை. மெரிடித் ரிச்சர்ட்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, சேர்க்கை எல்லைகள் கோணல்மாணலாக வரையப்படுவது பொதுவாக இனப் பிரிவினையைக் கூட்டுகிறது என்றும், நீதிமன்ற ஆணைக்கு உட்பட்ட மாவட்டங்களில் மட்டும் குறைக்கிறது என்றும் கண்டது. சால்வடோர் சபோரிட்டோவும் உடன் ஆய்ந்தோரும், கச்சிதமான வட்டாரங்களைவிடக் கோணலான வட்டாரங்களே கலப்பு மிகுந்தவை என்ற முடிவுக்கு வந்தனர். இரண்டும் ஒரே செய்தியின் இரு முகங்கள் எனலாம். குடியிருப்புகள் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் நாட்டில், அருகிலுள்ளோரை மட்டும் வளைத்து வரையும் அழகிய சதுரம் அப்பிரிவினையை அப்படியே பள்ளிக்குள் கொண்டுவரும். அதைக் கலைக்கவும் கூட்டவும் ஒருசேரக் கோணல் தேவைப்படும். ஆகவே வளைவு குற்றத்தின் அடையாளமும் அன்று, நேர்கோடு நடுநிலையின் அடையாளமும் அன்று.

கோட்டைக் காப்பதற்கும் ஒரு தனி எந்திரம் இருக்கிறது. பல புறநகர் மாவட்டங்கள் முகவரி மோசடியைத் துப்பறிய ஆட்களை அமர்த்துகின்றன. 2011-இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரான் நகரில் வாழ்ந்த ஒரு தாய், தம் தந்தையின் முகவரியைக் காட்டிப் பிள்ளைகளை அண்டைப் புறநகர் மாவட்டப் பள்ளிக்கு அனுப்பியதற்காகக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுச் சிறையிலும் இருந்தார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் மாநில ஆளுநர் அக்குற்றங்களின் தரத்தைக் குறைத்தார். கோட்டைத் தாண்டியோருக்குச் சிறை என்றால், கோட்டையே இழுத்துக்கொண்டு வெளியேறுவோருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மெம்ஃபிஸ் நகரப் பள்ளிகள் 2013-இல் ஷெல்பி கவுன்ட்டி மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட மறு ஆண்டே ஆறு புறநகர்கள் விலகித் தனித்தனி மாவட்டங்களாயின. அவற்றுள் ஒன்றான ஜெர்மன்டவுனில் நேர்ந்தது விந்தையிலும் விந்தை: அந்நகரின் பெயர் தாங்கி அந்நகருக்குள்ளேயே நிற்கும் ஜெர்மன்டவுன் உயர்நிலைப் பள்ளியின் மாணவரில் பெரும்பாலோர் நகர எல்லைக்கு வெளியே வசித்ததால், அப்பள்ளி பழைய கவுன்ட்டி மாவட்டத்திடமே விடப்பட்டது, நகரின் சொந்தப் பிள்ளைகள் ஹூஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர்.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகு நடைமுறை பற்றிச் சில முடிவுகளை ஐயமின்றிச் சொல்லலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை பெரும் புயலாக வரும் மாற்றத்தைவிட, முன்னரே அறிவித்த அளவுகோல்களின்படி சிறு அளவில் செய்யும் மாற்றம் குறைந்த காயத்தோடு முடிகிறது. ஆனால் ஆண்டுதோறும் ஒரே தெருக்களைத் தொட்டால் வேக் கவுன்ட்டியின் கதி நேரும். கடைசி வகுப்பு மாணவரை இருந்த பள்ளியிலேயே முடிக்கவிடுவதும், உடன்பிறந்தோரைப் பிரிக்காதிருப்பதும் செலவு குறைந்த, பயன் மிகுந்த சலுகைகள். கூட்டங்களில் நேரமும் ஆங்கிலமும் உடையோரின் குரலே ஓங்குவதால், இரவு வேலைக்குச் செல்லும் வாடகைக் குடியிருப்பாளரின் கருத்தை வாரியம் தானே தேடிச் சென்று கேட்க வேண்டும். இதைப் பெரும்பாலான வாரியங்கள் செய்வதில்லை. இனிவரும் ஆண்டுகளில் கேள்வியும் மாறும். பிறப்பு விகிதம் சரிந்து, பல பழைய புறநகர்களில் மாணவர் தொகை குறைந்துவருவதால், எந்தப் பள்ளியைத் திறப்பது என்பதற்குப் பதிலாக எதை மூடுவது என்று வாரியங்கள் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. மூடப்படும் பள்ளியின் வட்டாரத்தைப் பங்கிடுவதும் எல்லை மாற்றமே. அப்போதும் ஒரு வாரியம் தன் மாவட்டத்துக்குள் இருக்கும் பிள்ளைகளை மட்டுமே இடம் மாற்ற முடியும். 1974-இன் மில்லிகன் தீர்ப்பு அரை நூற்றாண்டு கடந்தும் திருத்தப்படாமல் நடப்பில் உள்ளது.